அன்புள்ள முனியாண்டிக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: ‘முனியாண்டி, நீங்கள் இல்லாமல் எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.’ உள்ளே ஒரு நாய்க்குட்டியின் படம். கண்கள் ஈரமாக இருந்தன. அதன் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். 15 விழுக்காடு கழிவு, 48 மணி நேரத்துக்கு மட்டும்.

முனியாண்டி என் அப்பா. அவர் இறந்து ஆறு வருடமாகிறது. அவருக்கு மின்னஞ்சல் முகவரி இருந்ததே இல்லை. பால்மரம் வெட்டியவர், தோட்டம் மூடிய பிறகு ஷா ஆலம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருந்தவர். அந்தக் கடையில் மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜோடி காலணி வாங்கியது நான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவிடம் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. கைப்பேசியைக் கையில் வாங்கி அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவரு இல்லன்னு ஒரு வரி எழுதிப் போட்டுரும்மா, பாவம், கேக்குறாங்கல்ல” என்றார். அனுப்பியவரின் முகவரியைப் பார்த்தேன். ‘நோ ரிப்ளை’ என்று இருந்தது. பதில் எழுதாதே என்பதையே தன் பெயராக வைத்திருக்கும் ஒருவர், ‘நீங்கள் இல்லாமல் ஒரு மாதிரி இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார்.

நாம் சிறுகதைகளை வரி வரியாகப் பிரித்து வாசிக்கிறவர்கள். ஒரு கவிதையில் ஒரு சொல் ஏன் அங்கே இருக்கிறது என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் தினமும் காலையில் நம் கண்ணில் முதலில் படும் எழுத்து இந்த விற்பனை மடல்கள்தான். அவற்றை நாம் எழுத்தாகவே மதிப்பதில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த நாய்க்குட்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஏன்? ஏன் ஆரஞ்சு? ஏன் 48 மணி நேரம்?

யாரோ என்று நான் தள்ளி நிற்கவும் முடியாது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்ன விளம்பர நிறுவனத்தில் இரண்டு வருடம் இந்த மடல்களைக் கட்டும் வேலை பார்த்தேன். அதனால் இந்தக் கட்டுரையில் குற்றம் சாட்டுபவளும் சாட்டப்படுபவளும் ஒரே ஆள்தான்.

*

முதலில் பெயர். இணையப் படிவங்களில் இரண்டு பெட்டிகள் இருக்கும். முதல் பெயர், கடைசிப் பெயர். இந்தப் பெட்டிகளை வரைந்தவர் மனத்தில் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு இறங்கிவரும் ஒரு குடும்பப் பெயர் இருந்திருக்கிறது. நமக்கு அது இல்லை. என் அடையாள அட்டையில் என் பெயர் இருக்கிறது, பிறகு ஏ/பி, பிறகு அப்பாவின் பெயர். ஏ/பி என்றால் மலாயில் ‘அனாக் பெரெம்புவான்’, அதாவது மகள். அது பெயரே இல்லை, உறவு. மலாய்க்காரர்களுக்கு பின், பிந்தி. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். ஆக, இந்த நாட்டில் பெரும்பாலோருக்குப் பொருந்தாத இரண்டு பெட்டிகளை நாம் எல்லோரும் பல வருடங்களாக எப்படியோ நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு வந்த மடல்களில் ‘அன்புள்ள ஏ/பி’ இருக்கிறது. ‘அன்புள்ள திரு. முனியாண்டி’ இருக்கிறது. ஒரு முறை ‘அன்புள்ள முதல்பெயர்’ என்றே வந்தது.

மடலைக் கட்டும்போது ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு, அடுத்து வளைவு அடைப்புக்குறிகளுக்குள் பட்டியலில் உள்ள பெட்டியின் பெயரை எழுதுவோம். அனுப்பும் நொடியில் மென்பொருள் அந்த இடத்தில் ஒவ்வொருவர் பெயரையும் போட்டுக்கொள்ளும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன போடுவது என்பதையும் நாமே முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம். மறந்தால் ‘முதல்பெயர்’ என்பவருக்கு மடல் போகும்.

அன்புள்ள என்று எழுதிவிட்டுக் காலி இடம் விடுவது எனக்கு முதல் வாரத்தில் கூச்சமாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் பழகிவிட்டது. இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பழைய கடிதங்களும் வாய்பாடுதான். ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதை எத்தனை லட்சம் பேர் எழுதியிருப்பார்கள்! அப்பா ஜொகூரில் வேலை பார்த்தபோது பாட்டிக்கு எழுதிய கடிதங்கள் வீட்டில் நான்கைந்து இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. ஆகவே வாய்பாடு குற்றமில்லை. ஆனால் அந்த வாய்பாட்டில் ‘நலமறிய ஆவல்’ என்று பாதி இருக்கிறது. அது ஒரு கேள்வி. பதில் வரும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டது. விற்பனை மடல் கேள்வியின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பதில் வரும் வாசலை அடைத்துவிடுகிறது. என் முதல் புகார் இதுதான்.

*

அடுத்தது ஒரு விசித்திரம். ஒரு நாள் ஒரு விற்பனை மடலின் முதல் வரிகளைப் பிரதி எடுத்து என் குறிப்பேட்டில் ஒட்டினேன். ஒரு வரிதான் தெரிந்தது. ஆனால் அதைத் தாண்டி அடுத்த சொல்லுக்குப் போக அம்புக்குறி விசையை நூற்றுக்கணக்கான முறை அழுத்த வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத எதையோ கடந்துகொண்டிருந்தேன்.

மின்னஞ்சல் பெட்டியில் தலைப்புக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு வரி தெரியும், கவனித்திருப்பீர்கள். மடலின் தொடக்கச் சொற்களை எடுத்து மென்பொருள் அங்கே காட்டும். சும்மா விட்டால் ‘படம் தெரியவில்லையா? இங்கே அழுத்துங்கள்’ மாதிரி ஏதாவது வந்து நிற்கும். அதனால் வடிவமைப்பாளர்கள் அந்த இடத்துக்கென்றே ஒரு வரியை எழுதி, மடலைத் திறந்தால் தெரியாதபடி மறைத்து வைப்பார்கள். அந்த வரி குட்டையாக இருந்தால் பின்னால் வருவதும் எட்டிப் பார்க்கும். அது எட்டிப் பார்க்காமலிருக்க, இடைவெளியையும் அகலமே இல்லாத எழுத்துகளையும் மாறி மாறிப் போட்டு நிரப்புவார்கள்.

அந்த அகலமில்லாத எழுத்துகளில் ஒன்று நமக்கு வேண்டியது. யுனிகோடில் ‘ஜீரோ விட்த் நான் ஜாய்னர்’ என்று பெயர். இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் குறி. பாரசீக எழுத்துக்கும் இந்திய எழுத்துகளுக்கும் தேவைப்படுவது. தமிழில் க்-குப் பிறகு ஷ தட்டினால் இரண்டும் சேர்ந்து க்ஷ ஆகிவிடும். பக்ஷி என்று எழுத அது சரி. ரிக்‌ஷா என்று எழுத? அங்கே க்-கும் ஷா-வும் தனித்தனியாக நிற்க வேண்டும். நடுவில் இந்தக் குறியைப் போட்டால் நிற்கும்.

அதாவது, ரிக்‌ஷாவைச் சரியாக எழுத உதவும் ஒரு நுட்பமான குறி, உலகம் முழுக்கக் காலணி விற்கும் மடல்களில் பஞ்சு மாதிரி அடைக்கப்படுகிறது. ரிக்‌ஷா என்ற சொல்லைத் தட்டுபவர்களைவிட அதிகமாக விற்பனை மடல் கட்டுபவர்கள்தான் அதைப் பயன்படுத்துகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். கோபமில்லை. யாருக்காகவோ செய்த பொருள் வேறு எதற்கோ பயன்படுவது மொழியில் புதிதல்ல. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட நாளில் அலுவலகத்தில் சொல்லச் சொல்லத் திரிந்தேன். யாருக்கும் சுவாரசியப்படவில்லை. “சரி, அத எத்தன தடவ போடணும்னு சொல்லு” என்றார் மேலாளர்.

*

அந்த மேலாளர் கெட்டவர் இல்லை. காலையில் வந்ததும் ஓர் எண்ணைப் பார்ப்பார். அனுப்பிய மடல்களில் எத்தனை விழுக்காடு திறக்கப்பட்டன என்ற எண். அது எப்படித் தெரியும்? மடலுக்குள் ஒரு புள்ளி அளவுக்கு, நிறமே இல்லாத ஒரு படம் இருக்கும். ஒவ்வொருவருக்கும் அதன் முகவரி வேறு. நீங்கள் மடலைத் திறந்ததும் உங்கள் கருவி அந்தப் படத்தைக் கேட்கும். கேட்ட நொடியில் எங்களுக்குத் தெரிந்துவிடும். வாசகரை வாசிக்கும் பிரதி என்று நாம் கோட்பாட்டுக் கட்டுரைகளில் எழுதுவோமே, இது நிஜமாகவே அதுதான்.

2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மின்னஞ்சல் செயலியில் ஒரு மாற்றம் செய்தது. பயனர் அந்த வசதியை ஏற்றுக்கொண்டால், மடலைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை ஆப்பிளே முன்கூட்டி இறக்கிவிடும். திறக்காதவர்களும் திறந்தவர்களாகக் கணக்கில் வந்தார்கள். அந்த எண்ணின் மேலிருந்த நம்பிக்கை போனது. ஆனாலும் பலர் அதைத்தான் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எழுத்துக்கு இது என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி. ஒரு மடலுக்கு இரண்டு தலைப்புகள் எழுதுவோம். பட்டியலில் ஒரு சின்னப் பகுதிக்கு இதையும் இன்னொரு சின்னப் பகுதிக்கு அதையும் அனுப்பி, சில மணி நேரம் பொறுத்து, ஜெயித்ததை மீதிப் பேருக்கு அனுப்புவோம். எனக்குப் பிடித்த தலைப்பு பெரும்பாலும் தோற்கும். ‘அவசரம்’, ‘கடைசி வாய்ப்பு’, ‘உங்கள் பெயர்’ ஜெயிக்கும். நாளடைவில் தோற்கும் வாக்கியங்களை எழுதுவதையே நிறுத்திவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. எண்தான் தடுத்தது. ஈரக் கண் நாய்க்குட்டியும் அப்படித்தான் வந்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு நாய் பிடிக்குமா என்பதுகூட நமக்குத் தெரியாது.

*

இவ்வளவு நவீனமான வேவு பார்ப்புக்கு உள்ளே இருக்கும் கட்டுமானம் மட்டும் படு பழசு. விற்பனை மடல்கள் ஏன் எல்லாம் ஒரே மாதிரி, நடுவில் ஒரு குறுகலான பட்டையாக, கட்டம் கட்டமாக இருக்கின்றன? காரணம் அழகியல் இல்லை. 2007இல் மைக்ரோசாப்ட், விண்டோஸ் அவுட்லுக்கில் மடல்களைக் காட்டும் பொறுப்பை உலாவியின் இயந்திரத்திடமிருந்து எடுத்து, வேர்ட் மென்பொருளின் இயந்திரத்திடம் கொடுத்தது. வேர்டுக்கு இணையப் பக்கங்களின் புதிய முறைகள் பல புரியாது. அட்டவணை புரியும். ஆகவே 1990களில் இணையப் பக்கங்களை அட்டவணைக்குள் அட்டவணையாகக் கட்டியதுபோல மடல்களை இன்றும் பலர் கட்டுகிறார்கள். அகலம் சுமார் 600 புள்ளிகள் என்பது ஒரு வழக்கம்.

இதை நான் வெறுக்கவில்லை. கட்டுப்பாடு இருந்தால்தான் வடிவம் வரும் என்பது வெண்பா படித்த நமக்குத் தெரியும். ஆனால் வெண்பாவின் தளை ஓசைக்காக இருக்கிறது. இந்தத் தளை, எங்கோ ஓர் அலுவலகத்தில் இன்னும் பழைய அவுட்லுக்கைத் திறந்து வைத்திருக்கும் ஒருவருக்காக இருக்கிறது. யோசித்தால் அதிலும் ஒரு கருணை உண்டு. இந்த வேலையில் நான் மதித்த சில விஷயங்களில் அது ஒன்று.

தீபாவளி வந்தால் அந்தக் கருணை காணாமல் போகும். வாழ்த்து தமிழில் வேண்டும் என்பார்கள். எழுத்துரு எல்லாக் கருவியிலும் வராது என்பதால் அதைப் படமாக்கி அனுப்புவோம். தமிழ் தெரியாத வடிவமைப்பாளர், இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் மென்பொருளில் ஒட்டுவார். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். புள்ளி தனியாக மிதக்கும். குத்துவிளக்கு, மயில், கோலம் எல்லாம் கச்சிதமாக இருக்கும், எழுத்து மட்டும் உடைந்திருக்கும். ஒரு முறை திருத்தச் சொன்னேன். “யாரு கவனிக்கப் போறா?” என்றார்கள். திருத்தித்தான் அனுப்பினோம். ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது என்பதுதான் வலிக்கிறது. நாமே கவனிப்பதில்லை. படங்களை முடக்கி வைத்திருப்பவருக்கு அந்த வாழ்த்தே தெரியாது. கீழே இருக்கும் நிறுவன முகவரி மட்டும் தெரியும்.

*

அந்த அடிப்பகுதிக்கு வருவோம். மடலில் யாரும் ஆசைப்பட்டு எழுதாத பகுதி அது. சட்டம் எழுத வைத்தது. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சல் முகவரியையும் விலகும் வழியையும் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரின் 2007ஆம் ஆண்டுச் சட்டம், கேட்காமல் மொத்தமாக அனுப்பும் விற்பனை மடலின் தலைப்பில் ‘ஏடிவி’ என்று போடச் சொல்கிறது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, என் தரவை வைத்து நேரடி விற்பனை செய்யாதே என்று நான் எழுத்துமூலம் கேட்கலாம்.

வடிவமைப்பாளர் சட்டத்துக்குப் பணிகிறார், பணிந்துகொண்டே மறைக்கிறார். வெள்ளையில் வெளிர்ச் சாம்பல், எறும்பு எழுத்து. மடலின் நிரல் சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிடும். நீளமான மடலில் வெட்டுப்படும் வால், விலகும் இணைப்புதான். தாண்டிப் போய் அழுத்தினால் ‘வேண்டாம், எனக்கு முழு விலை கொடுக்கத்தான் பிடிக்கும்’ என்று ஒரு பொத்தான் நம் வாயில் சொல்லைத் திணிக்கும். இம்மாதிரித் தந்திரங்களுக்கு 2010இல் ஹேரி பிரிக்னல் ‘டார்க் பேட்டர்ன்ஸ்’ என்று பெயர் வைத்தார். 2024இல் ஜிமெயில் தனக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புகிறவர்கள், விற்பனை மடல்களில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும் என்று விதித்தது. சட்டம் சாதிக்காததை அஞ்சல்காரரே வந்து சாதிக்க வேண்டியிருந்தது.

1978 மே 3ஆம் தேதி கேரி துர்க் என்பவர் தன் கணினி நிறுவனத்துக்காக, அன்றைய ஆர்ப்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரு விளம்பர மடலை அனுப்பினார். முழுக்கப் பெரிய எழுத்துகள். பெறுநர் பட்டியல் அதற்கான இடத்தில் கொள்ளாமல் வழிந்து மடலின் உடலுக்குள்ளேயே வந்துவிட்டது. முதல் எரிதம் என்று அதைச் சொல்கிறார்கள். எனக்கு அந்த வழிசல் பிடித்திருக்கிறது. அதில் ஒரு நேர்மை இருக்கிறது. உனக்கு மட்டும் எழுதவில்லை, இத்தனை பேருக்கும் எழுதினேன் என்று அது தன்னையறியாமல் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஐம்பது வருடத் தொழில்நுட்பம், அந்த உண்மையை மறைத்து ‘உனக்கு மட்டும்’ என்று நம்ப வைக்கத்தான் உழைத்திருக்கிறது.

*

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். போன வருடம் நண்பர்கள் ஒரு புத்தக வெளியீட்டுக்கு அழைப்பு அனுப்பச் சொன்னார்கள். நமக்குத் தெரிந்த தொழில்தானே என்று உட்கார்ந்தேன். கை தானாக எழுதியது: ‘கடைசி 5 இருக்கைகள்!’ அந்த மண்டபத்தில் 80 நாற்காலி. நம் கூட்டங்களுக்கு 30 பேர் வந்தால் அது வெற்றி. ‘பிரதிகள் தீரும் முன் முந்துங்கள்’ என்று எழுதினேன். அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் பிரதிகள் எழுத்தாளர் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருந்தன.

நண்பர்கள் படித்துவிட்டு நல்லாருக்கு என்றார்கள். அதுதான் பயமாக இருந்தது. இந்த மொழி நமக்கு இயல்பாகிவிட்டது. நம் வாட்ஸ்அப் குழுக்களைப் பாருங்கள். ‘தவறவிடாதீர்கள்’, ‘பேரதிர்வை ஏற்படுத்திய’, ‘உலகத் தமிழ் வாசகர்கள் கொண்டாடும்’. காலணி விற்பவருக்காவது எண் கிடைக்கிறது. நமக்கு அதுவும் இல்லை. பழக்கதோஷத்தில் கத்துகிறோம்.

நம் மரபில் இதற்கு ஒரு மாதிரி இல்லாமலும் இல்லை. ஆற்றுப்படை என்பது என்ன? பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், வறுமையில் வரும் இன்னொருவரைப் பார்த்து, இந்த வழியாகப் போ, இந்த வள்ளலிடம் கேள் என்று அனுப்பி வைப்பது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு இந்த வகை. ‘நண்பரைச் சேர்த்துவிடுங்கள், இருவருக்கும் 10 வெள்ளி’ என்று வரும் மடலின் தாத்தா என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அதிலும் புகழ்ச்சி உண்டு, மிகை உண்டு. ஆனால் அனுப்புகிறவர் அங்கே போய் வந்தவர். வழியில் என்ன நிலம், யார் சோறு போடுவார்கள் என்று சொல்லத் தெரிந்தவர். எதிரில் நிற்பவரின் பசியைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். பார்த்ததும் பட்டதும் இருப்பதால் அந்த மிகையை நாம் பொறுத்துக்கொள்கிறோம்.

அழைப்பை மாற்றி எழுதினேன். புத்தகத்தில் எனக்குப் பிடித்த ஒரு கதை, பிடிக்காத ஒரு கதை, ஏன் என்று இரண்டிரண்டு வரி. இடம், நேரம், எந்த எல்ஆர்டி நிலையத்தில் இறங்க வேண்டும், கூட்டம் முடிந்து சாப்பாடு உண்டு. என் சொந்த முகவரியிலிருந்து அனுப்பினேன். வந்தவர்கள் 27 பேர். முன்பைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் ஒன்பது பேர் பதில் எழுதினார்கள். அதில் ஒருவர், எனக்குப் பிடிக்காத கதையைப் பற்றி ஒரு பக்கத்துக்கு என்னோடு சண்டை போட்டிருந்தார். எந்தப் பட்டியலிலும் எனக்கு அப்படி ஒரு பதில் வந்ததில்லை.

*

அப்பாவுக்கு வந்த மடலுக்குக் கடைசியில் பதில் எழுத முடியவில்லை. அடியில் போய் விலகும் இணைப்பைக் கண்டுபிடித்து அழுத்தினேன். ஏன் போகிறீர்கள் என்று கேட்டு நான்கு காரணங்கள் வந்தன. மடல்கள் அதிகம். எனக்கு ஏற்றதாக இல்லை. நான் பதிவு செய்யவே இல்லை. மற்றவை. ‘மற்றவை’யை அழுத்தினால் எழுத ஒரு பெட்டி திறந்தது. ‘இவர் 2019இல் காலமானார், நான் இவர் மகள்’ என்று எழுதினேன். யாராவது படிப்பார்களா என்று தெரியாது. அந்த வேலையில் இருந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு முறைகூட அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை.

அடுத்த பக்கம் வந்தது. ‘முனியாண்டி, நீங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டீர்கள்.’

அம்மா கேட்டார், “எழுதிட்டியா?”

“எழுதிட்டேம்மா.”